சுவரில் ஒரு வெளிறிய சதுரம்

அத்தியாயம் 7

பூவனம் சாஃப்ட்வேர் கம்பெனியின் மாடிப்படி ஏறும்போதே, இந்தக் கேஸ் உருப்படாது என்று கண்ணபிரானுக்குத் தோன்றிவிட்டது. போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டராக உட்கார்ந்து ஊரார் துயரத்தையெல்லாம் கார்பன் வைத்து எழுதித் தள்ளியவர் அவர். உருப்படாத கேஸ் எது என்பது அவருக்கு முதல் வரியிலேயே தெரிந்துவிடும். அந்த ஞானத்தால் ஒரு பைசா பிரயோஜனம் இருந்ததில்லை என்பது வேறு விஷயம்.

கீழே கடலைமிட்டாய்க் கடை. வெல்லப்பாகு கொதிக்கும் வாசனை படியெல்லாம் ஏறி வந்தது.

"மெதுவா ஏறுங்க அண்ணாச்சி. நீங்க உருண்டு விழுந்தா தள்ளிவிட்டது யாருன்னு நான்தான் துப்புத் துலக்கணும். சந்தேகப்பட இங்கன என்னையத் தவிர ஆளும் இல்ல" என்றாள் பின்னால் வந்த ஷிரின்.

ஷிரின் அவருடைய உதவியாளர். கம்ப்யூட்டர் டிப்ளமோ முடித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கிறவரைக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்து சேர்ந்தவள். நல்ல வேலையும் கிடைக்கவில்லை, வாயும் குறையவில்லை. அவளுடைய வாப்பா சேக் முகம்மது கோவில்பட்டி மெயின் ரோட்டில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். மகள் துப்பறிகிறாள் என்று சொல்லக் கூச்சப்பட்டு, 'ஆபீஸ் வேலை' என்று பொதுவாகச் சொல்லிவந்தார். அதுவும் பெரிய பொய்யில்லை. கண்ணபிரான் துப்பறியும் நிலையத்துக்கு வருகிறவர்கள் எல்லாம், பார்த்திருக்கிற மாப்பிள்ளை குடிப்பாரா என்று மட்டும்தான் கேட்பார்கள்.

பசுவந்தனை நந்தகோபால் அப்படிக் கேட்டு வரவில்லை. ஆடு மேய்த்து மகளைக் கம்ப்யூட்டர் படிக்கவைத்த மனிதர். வந்தவர் நாற்காலியில்கூட உட்காராமல், "எம் பிள்ளை பொய் சொல்லுச்சா இல்லையா, அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. வேற ஒண்ணும் வேண்டாம்" என்றார்.

விஷயம் இதுதான். எட்டயபுரம் ரோட்டில் ஒரு தீப்பெட்டி ஆபீஸ், அதாவது தொழிற்சாலை. அங்கே குச்சிக்கு மருந்து கலக்க, எடை போட்டுக் கொட்டும் மெஷின் ஒன்று புதிதாக வந்தது. அதை ஓட்டும் கம்ப்யூட்டருக்குப் புரோகிராம் எழுதிக் கொடுத்தது பூவனம் கம்பெனி. எழுதியவள் நந்தகோபாலின் மகள் மாரிசெல்வி. அந்த மெஷினில் வேலை பார்த்தவள் வெள்ளைத்தாய், மாரிசெல்வியின் எதிர்வீட்டுக்காரி. ஒருநாள் வெள்ளைத்தாய் வாசலில் வந்து நின்று, "ஏட்டி செல்வி, கரெண்டு போயிட்டு வந்தா ஒன் மெஷினுக்குக் கொட்டுனது மறந்து போவுது. மறுபடி முதல்ல இருந்து கொட்டுது. பயமா இருக்கு பிள்ள" என்றாள்.

மாரிசெல்வி மறுநாள் தன் ஆபீஸுக்குப் போய் அதைச் சரி செய்தாள். ஃப்ளாப்பியில் எடுத்துப் போய்த் தீப்பெட்டி ஆபீஸ் கம்ப்யூட்டரில் தன் கையாலேயே ஏற்றினாள். நிறுத்திச் சோதித்துப் பார்க்க அங்கே விடவில்லை, ஆர்டர் அவசரம். சாயங்காலம் தெருவில் வைத்து, "சரி பண்ணிட்டேன் அத்தை. பயப்படாம வேலைக்குப் போங்க" என்றாள்.

வெள்ளைத்தாய் அந்த வார்த்தையை நம்பிப் போனாள். கரெண்டு போனது, வந்தது. மருந்து இரட்டிப்பாக விழுந்து தீப்பிடித்தது. வெள்ளைத்தாயை வீட்டுக்கு எடுத்து வந்தபோது முகத்தைத் திறந்து காட்டவில்லை.

போலீஸ் வந்து பூவனம் கம்பெனியின் கம்ப்யூட்டரைப் பார்த்தது. சரி செய்ததற்கு அடையாளமே இல்லை. பழைய புரோகிராம் அப்படியே இருந்தது. 'செய்யாத வேலையைச் செய்ததாகப் பொய் சொல்லி ஒரு உயிரைப் பறித்தவள்' என்று கேஸ் எழுதிவிட்டார்கள். சார்ஜ் ஷீட் தயாராகிக்கொண்டிருந்தது. ஜாமீனில் வீட்டிலிருந்த மாரிசெல்வி சோறு தண்ணீர் இல்லாமல் ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். 'நான் சரி பண்ணேன். யாரோ அழிச்சிட்டாங்க.'

அந்த யாரோ யார்? அதைத் தேடித்தான் இந்த மாடிப்படி.

முதலாளி பூவனலிங்கம் நெற்றி நிறையத் திருநீறோடு வரவேற்றார். பயந்து போயிருந்தார். பயந்தவர்கள் அதிகம் பேசுவார்கள்.

"நம்ம ஆபீஸ்ல எல்லாம் முறைப்படிதான் அண்ணாச்சி. ஆயுத பூஜைக்கு எழுதுன புரோகிராமையெல்லாம் ஒரு பிரதி எடுத்து, ஒரு கம்ப்யூட்டர்ல வச்சு, மாலை போட்டு அம்மன் முன்னால வைப்போம். விஜயதசமிக்கு அந்தப் பிரதியத்தான் முதல்ல தொறப்போம். கணக்குப் புஸ்தகம் வைக்கிற மாதிரி. எங்க அப்பா காலத்துல இருந்து அப்படித்தான்."

"வைரஸுக்கு எலுமிச்சம்பழம் கட்டலையா அண்ணாச்சி?" என்று ஷிரின் கேட்டாள்.

"கட்டியிருக்கே" என்று அவர் மிகவும் பொறுப்பாக விரலை நீட்டினார். மானிட்டர் ஒன்றின் தலையில் நிஜமாகவே ஒரு பழம் காய்ந்து தொங்கியது. ஷிரினுக்கே மேற்கொண்டு பேச வாய் வரவில்லை.

கண்ணபிரான் அதற்குள் சுவருக்குப் போய்விட்டார். கம்ப்யூட்டரைப் பார்த்து அவருக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை, சுவரையாவது பார்க்கலாம். வருடா வருடம் எடுத்த பூஜைப் படங்கள் வரிசையாகத் தொங்கின. கடைசியில் ஒரு ஆணி மட்டும் இருந்தது. அதன் கீழே சுண்ணாம்பு வெளிறிய ஒரு சதுரம்.

"இங்கன இருந்த படம் எங்க?"

"ஆணி இளகி விழுந்திருக்கும்" என்றார் பூவனலிங்கம்.

கண்ணபிரான் ஆணியைப் பிடித்து ஆட்டினார். அது அசையவில்லை. கைத்தூசியை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அறையின் மூலையில் இன்னொரு கம்ப்யூட்டர் முன்னால் கோகுலகிருஷ்ணன் உட்கார்ந்திருந்தான். மாரிசெல்வியோடு வேலை பார்த்தவன், அவளைவிட ஒரு வருடம் மூத்தவன். இவர்கள் வந்ததிலிருந்து தலையைத் தூக்கவில்லை. கண்ணபிரானின் மனத்தில் 'யாரோ'வுக்கு ஏற்கெனவே கோகுலின் முகம் வந்துவிட்டிருந்தது.

ஷிரின் மாரிசெல்வியின் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தாள். ஆபீஸ் புரோகிராமெல்லாம் இருக்கும் டி டிரைவைத் திறந்தாள். மெஷின் புரோகிராமின் ஃபைல் இருந்தது. போலீஸ் பார்த்ததும் அதைத்தான். படித்துப் பார்த்தாள், உதட்டைப் பிதுக்கினாள்.

"சரி பண்ணல அண்ணாச்சி. கரெண்டு வந்தா பூஜ்யத்துல இருந்துதான் ஆரம்பிக்குது."

"அழிச்சிருப்பான்."

"அதுவும் இல்ல." அவள் குரல் இறங்கியது. "ஃபைலைக் கடைசியா யார் தொட்டு எழுதினாலும் அந்தத் தேதி பதிஞ்சிரும். இது ஆயுத பூஜைக்கு முன்னாடி உள்ள தேதி. எழுதினதை ஒருத்தன் அழிச்சிருந்தா, அழிச்ச தேதியாவது இருக்கணும்லா? இதை யாரும் தொடவே இல்ல. அவளும் தொடல."

கண்ணபிரான் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். நந்தகோபாலிடம் இதை எந்த முகத்தோடு சொல்வது? உன் மகள் பொய்தான் சொன்னாள், இந்தா ரசீது என்றா? வந்த வழியே எழுந்து போய்விடலாமா என்றிருந்தது அவருக்கு.

"கொஞ்சம் இருங்க" என்றாள் ஷிரின். அவள் திரையைப் பார்க்கவில்லை. அறையிலிருந்த மற்ற கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எல்லாத் திரையிலயும் ஒரு சின்னப் படம் இருக்கு, பூதக்கண்ணாடி போட்டது. இவ கம்ப்யூட்டர்ல மட்டும் இல்ல."

"அது என்னது?"

"கோடு பிரவுசர். பெரிய புரோகிராம்னா வரி ஆயிரக்கணக்குல இருக்கும், எது எங்க கிடக்குன்னு எழுதுனவளுக்கே தெரியாது. இது எல்லாத்தையும் மரம் மாதிரி கிளை கிளையா காட்டும். வேணுங்கிற பேர் மேல தட்டுனா, அதுவே எடிட்டரைக் கூப்பிட்டு, ஃபைலைத் தொறந்து, அந்த வரியில கொண்டு நிறுத்திரும். இங்கன உள்ளவங்க யாரும் ஃபோல்டர் ஃபோல்டரா தேடிப் போவமாட்டாங்க. இது வழியாத்தான் போவாங்க."

"நம்ம ஸ்டேஷன் டிரைவர் மாதிரின்னு சொல்லு. பேரைச் சொன்னா ஜீப்பை வாசல்ல நிறுத்துவார்."

"அதேதான். ஜீப்புக்கு உள்ள தூங்கிட்டே போவலாம்."

கண்ணபிரான் மூலைப் பக்கம் திரும்பினார். "ஏ தம்பி, இந்தக் கம்ப்யூட்டர்ல இருந்த பிரவுசர் எங்க?"

கோகுல் தலையைத் தூக்காமல், "வைரஸ் வந்துச்சு. நான்தான் எடுத்துட்டேன்" என்றான்.

"எல்லாக் கம்ப்யூட்டரும் ஒரே ஒயர்லதான் இருக்கு. அந்த வைரஸுக்கு மாரிசெல்வி மேல மட்டும் அப்படி என்ன கோவம்?" என்றாள் ஷிரின்.

கோகுல் எழுந்தான். "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு இறங்கிப் போனான். கதவோரம் மாட்டியிருந்த துணிப்பையை மறக்காமல் எடுத்துக்கொண்டான். டீ குடிக்கப் பை எதற்கு என்று கண்ணபிரான் மனத்தில் குறித்துக்கொண்டார்.

ஷிரின் அலமாரியைக் குடைந்து பிரவுசரின் சி.டி.யைக் கண்டுபிடித்தாள். போட்டு ஏற்ற ஆரம்பித்தாள். பாதியில் கரெண்டு போனது.

ஃபேன் மெல்ல நின்றது. யு.பி.எஸ். கத்தியது.  பூவனலிங்கம் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் எதையோ முணுமுணுத்தார். இந்த ஊரில் கரெண்டு போகாத நாள் கிடையாது. ஆனால் வெள்ளைத்தாய் செத்ததிலிருந்து, இந்த அறையில் அது போகும்போதெல்லாம் இப்படித்தான் போலிருக்கிறது. கரெண்டு வந்தபோது ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் வேலையைத் தொடர்ந்தார்கள்.

பிரவுசர் ஏறியது. மாரிசெல்வி அதில் தொடங்கி வைத்திருந்த பிராஜெக்ட், எந்த ஃபைல் எங்கே என்ற பட்டியல், பத்திரமாக இருந்தது. எடுத்தவன் பிரவுசரைத்தான் எடுத்திருக்கிறான், பிராஜெக்டில் கைவைக்கவில்லை. ஷிரின் எடை போடும் பகுதியின் பெயரைத் தட்டினாள். எடிட்டரைக் காணோம் என்றது பிரவுசர். எடிட்டர் எங்கே குடியிருக்கிறது என்று அதற்குச் சொல்லிக் கொடுத்தாள். மறுபடி தட்டினாள். எடிட்டர் வந்தது, வெறும் தாளோடு வந்தது.

"ஆள் வந்துட்டான், கையில ஒண்ணுமே கொண்டு வரல. கல்யாண வீட்டுக்கு எங்க மாமா வாரது இப்படித்தான்." ஃபைலின் பெயரையும் வரி எண்ணையும் எந்த வரிசையில் கொடுக்க வேண்டும் என்று மாற்றி எழுதினாள். மூன்றாம் முறை தட்டினாள்.

திரை நிறைந்தது. ஷிரின் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன பிள்ள?"

"சரி பண்ணியிருக்கா" என்றாள். "அண்ணாச்சி, சரி பண்ணியிருக்கா! கரெண்டு வந்தா, ஏற்கெனவே கொட்டுன எடையை ஞாபகம் வச்சு, மிச்சத்தை மட்டும் கொட்டச் சொல்லியிருக்கா. மேல குறிப்பு வேற எழுதி வச்சிருக்கா பாருங்க." ஆங்கில எழுத்தில் தமிழாக இருந்ததை வாய்விட்டுப் படித்தாள். "'கரெண்ட் போய் வந்தால் மருந்து இரட்டிக்கக் கூடாது. வெள்ளைத்தாய் அத்தை சொன்னது.'"

கண்ணபிரான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இப்பத்தானே இல்லைன்னே?"

ஷிரின் டி டிரைவில் இருந்ததையும் திறந்து பக்கத்தில் வைத்தாள். ஃபைல் பெயரில் ஒரு எழுத்து வித்தியாசமில்லை. ஒன்றில் வெள்ளைத்தாய் அத்தை இருந்தாள், மற்றதில் இல்லை.

கண்ணபிரானுக்கு ஸ்டேஷன் ஞாபகம் வந்தது. சுந்தரபாண்டி என்ற பெயரில் ஒரு வாரண்ட். ஜீப் போய் ஒரு சுந்தரபாண்டியைத் தூக்கி வந்தது. பெயர் சரி, ஊர் தப்பு. நிஜ சுந்தரபாண்டி தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தான்.

"பேர் ஒண்ணுதான். வீடு வேற. இந்த ஃபைல் எங்கன இருக்குன்னு கேளு. ஒண்ணையும் மாத்திராத."

ஷிரின் 'சேவ் ஆஸ்' என்பதைத் தட்டி, விலாசத்தை மட்டும் பார்த்துவிட்டு மூடினாள். "இ டிரைவ். ஃபோல்டர் பேரு பூஜா."

பூவனலிங்கம் கண்ணைத் திறந்தார். "அது ஆயுத பூஜைக்கு வச்ச பிரதில்லா? இந்தக் கம்ப்யூட்டர்தான் அன்னைக்கு அம்மன் முன்னால இருந்துச்சு. அதுக்கப்புறம் அதை யாரும் தொடமாட்டாவளே."

"அவ தொட்டிருக்கா, தனக்குத் தெரியாமலே" என்றாள் ஷிரின். "தேதி பாருங்க. தீ பிடிச்சதுக்கு முந்தின நாள். பிரவுசர் ஒரு தடவை எந்த விலாசத்தைக் கொடுத்துப் பிராஜெக்ட் ஆரம்பிச்சோமோ, அதையே பிடிச்சுக்கிடும். அவ பேரைத் தட்டியிருக்கா, அது பூஜா ஃபோல்டருக்குக் கூட்டிட்டுப் போயிருக்கு. அங்கன எழுதி சேவ் பண்ணியிருக்கா. மெஷினுக்குப் புரோகிராம் கட்டுற கட்டளை வேற. அது டி டிரைவுலதான் எடுக்கும். பழசையே எடுத்துப் புதுசா கட்டிக் கொடுத்திருக்கு. இவ அதை ஃப்ளாப்பியில வாங்கிட்டுப் போயிருக்கா, சரி பண்ணதா நினைச்சு."

"பொய் சொல்லல" என்றார் கண்ணபிரான்.

"பொய் சொல்லல."

அந்த நிமிடம் கண்ணபிரானுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. நந்தகோபாலின் முகத்தை நினைத்துப் பார்த்தார். ஆனால் ரைட்டர் புத்தி அடுத்த வரிக்குத் தாவியது. விலாசத்தை மாற்றிக் கொடுத்தவன் யார்? பிரவுசரைப் பிடுங்கி மறைத்தவன் கோகுல். சுவரில் ஒரு படத்தைக் காணோம். திரையில் ஒரு படத்தைக் காணோம். இரண்டையும் எடுத்தது ஒரே கைதான்.

"வா பிள்ள, டீ குடிப்போம்."

டீக்கடை பெஞ்சின் கோடியில் கோகுல் இருந்தான். டீ ஆறி ஆடை கட்டியிருந்தது. பையை மடியில் இறுக்கி வைத்திருந்தான். கண்ணபிரான் பக்கத்தில் உட்கார்ந்தார், ஷிரின் எதிரே நின்றாள்.

"பூஜா ஃபோல்டரைப் பாத்துட்டோம்லே. எதுக்கு அவளுக்கு அந்த விலாசத்தை வச்சுக் கொடுத்த? அவ வேலைய அவ பேர்ல இருந்து அழிக்கவா?"

கோகுல் அவரைப் பார்த்தான். பயந்தவன் பார்வை இல்லை அது. களைத்துப் போனவன் பார்வை. பைக்குள் கைவிட்டு, செய்தித்தாளில் சுற்றிய சட்டமிட்ட படத்தை எடுத்து அவர் மடியில் வைத்தான்.

விஜயதசமி அன்று எடுத்த படம். மானிட்டருக்குச் சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை. முன்னால் பட்டுப் பாவாடை தாவணியில் மாரிசெல்வி உட்கார்ந்திருந்தாள். வலது கை மவுஸின் மேல் இருந்தது. திரையில் கிளை கிளையாக அந்த மரம். பின்னால் பூவனலிங்கமும் மற்றவர்களும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தவன் கோகுல்.

"செல்விக்குக் கைராசி, அவளே முதல்ல தொறக்கட்டும்னு முதலாளி சொன்னாவ" என்றான். "பூஜையில வச்ச பிரதியத் தொட்டுத்தானே ஆரம்பிக்கணும். அந்த ஃபோல்டரைக் காட்டி அவதான் பிராஜெக்டைத் தொடங்கினா. பூஜை முடிஞ்சதும் விலாசத்தை டி-க்கு மாத்தணும். அவளும் மறந்துட்டா, நாங்களும் மறந்துட்டோம். மறுநாளே அவளைக் கடலைமிட்டாய்க் கடை பில் புரோகிராமுக்குப் போட்டுட்டாவ. திரும்ப இதைத் தொட்டது வெள்ளைத்தாய் வந்து சொன்ன பிறகுதான்."

"வேற யாரும்..."

"வேற யாரும் இல்ல அண்ணாச்சி. அவளேதான். தீ பிடிச்ச மறுநாளே நான் கண்டுபிடிச்சிட்டேன். உடனே பிரவுசரை எடுத்தேன். இந்தப் படத்தையும் எடுத்தேன். இதை ஒரு தடவை பாத்தா போதும், அவளுக்குப் புரிஞ்சிரும்."

கண்ணபிரானுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "ஏம்லே போலீஸ்ல சொல்லல? பொய்காரின்னு எழுதி வச்சிருக்கான். ஜெயிலுக்குப் போவா!"

"ஜெயிலுக்குப் போனா திரும்பி வரலாம்" என்றான் கோகுல். "யாரோ அழிச்சிட்டாங்கன்னு அவ கோவமா இருக்கா. அந்தக் கோவத்துலதான் உசுரு நிக்குது. யாரோ நான்தான்னு நினைச்சாலும் பரவாயில்ல. எங்க அம்மாகிட்டகூட நான்தான் அழிச்சேன்னு சொல்லி வச்சிருக்கேன். தன் கையால ஆனதுன்னு தெரிஞ்சா அவ இருக்கமாட்டா அண்ணாச்சி."

 கண்ணபிரான் ஷிரினிடமிருந்து ஒரு நக்கல் வராதா என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

வக்கீலிடமும் போலீஸிடமும் முழுதையும் கொடுத்துவிடுவது என்று பஸ்ஸில் முடிவானது. வஞ்சகம் இல்லை, தவறுதான் என்று ஆகிவிட்டால் கேஸ் இளகும். தண்டனை குறையலாம், இல்லாமலே போகலாம். மாரிசெல்விக்குப் பாதி போதும். நீ சரி செய்தது உண்மை, என் கண்ணால் பார்த்தேன். அதற்குமேல் ஒரு வார்த்தை வேண்டாம்.

"பாதியச் சொல்லி நிறுத்த முடியும்னு நினைக்கீங்களா? அவ புரோகிராம் எழுதுதவ அண்ணாச்சி" என்றாள் ஷிரின் ஜன்னலைப் பார்த்தபடி. வெளியே தை பிறந்தும் மழை காணாத கரிசல் வெடித்துக் கிடந்தது. விதைத்த உளுந்து முழங்காலுக்குக்கூட வரவில்லை. 

பசுவந்தனையில் இறங்கி நடந்தபோது வெயில் உச்சியில் இருந்தது. நந்தகோபால் வீட்டுத் தெருவில் யாரும் இவர்களை ஏறிட்டுப் பார்க்கவில்லை. எதிர்வீட்டு வாசலில் வெள்ளைத்தாயின் புருஷன் செல்லத்துரை கயிற்றுக் கட்டிலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஆட்டுக்குட்டி ஒன்று அவர் வேட்டியைக் கடித்து இழுத்துக்கொண்டிருந்தது, அவர் அதைத் தள்ளக்கூட இல்லை.

நந்தகோபால் கதவைத் திறந்தார். கேட்கப் பயந்து நின்றார்.

"உங்க மக பொய் சொல்லல" என்றார் கண்ணபிரான். "சரி பண்ணியிருக்கா. நானே பாத்தேன். தேதியோட இருக்கு."

நந்தகோபாலின் முகம் கோணியது. தோள்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். பிறகு திடீரென்று, யாரும் தடுப்பதற்குள், செருப்பில்லாமல் தெருவில் இறங்கிவிட்டார். "கேட்டீங்களாவே? எம் பிள்ளை பொய் சொல்லல! எம் பிள்ளை சரி பண்ணுச்சு! தேதியோட இருக்காம்!"

மாரிசெல்வி உள்ளே சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போயிருந்தது. அப்பாவின் குரலைக் கேட்டதும் நிமிர்ந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்ததைக் கண்ணபிரான் பார்த்தார். இப்போதே எழுந்து ஓடிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது.

"நான் சொன்னேன்லா மாமா. யாரு அழிச்சாங்க?"

"அது... அது போலீஸ் பாத்துக்கிடும் தாயி. நீ எந்திரிச்சுச் சாப்பிடு."

"அழிச்சா எப்படிக் கிடைச்சுச்சு?" அவள் ஷிரினைப் பார்த்தாள். "நீங்கதானே பாத்தீங்க அக்கா? எங்கன இருந்துச்சு?"

"இருந்துச்சு. எங்க இருந்தா என்ன?" என்றாள் ஷிரின். 

"டி-லயா?"

"ஆமா. டி-லதான்."

 மாரிசெல்வியின் உதடுகள் மட்டும் அசைந்தன. கணக்குப் போடுகிறாள் என்று ஷிரினுக்குத் தெரிந்தது.

"டி-ல இருந்தா மெஷினுக்குப் போயிருக்கும். மெஷினுக்குப் போயிருந்தா அத்தை இருப்பாவ" என்றாள் மாரிசெல்வி. "பொய் சொல்லாதீங்க அக்கா."

தெருவில் நந்தகோபாலின் குரல் அடுத்த வீட்டுக்குப் போயிருந்தது.

"வேற எங்கன இருக்கும்? அதே பேர்ல வேற பிரதி எங்கன இருக்கு? பூஜையில வச்சது மட்டுந்தான்..." அவள் நிறுத்தினாள். "பூஜைக்கு அந்த பிராஜெக்டை..."

அதற்குமேல் அவள் கேட்கவில்லை.  மடியில் கிடந்த வலது கையைத் திருப்பி, உள்ளங்கையைப் பார்த்தாள். கைராசி என்று நாலு பேர் கைதட்டிய கை. அழுவாள் என்று கண்ணபிரான் காத்திருந்தார். அவள் அழவில்லை. கண்ணில் வந்த வெளிச்சம் மட்டும் போய்விட்டது. தான் எழுதிய எத்தனையோ கேஸ்களில் உண்மையைக் கண்டுபிடித்ததற்காக அவர் இப்படி வெட்கப்பட்டதில்லை.

நந்தகோபால் மூச்சிரைக்க உள்ளே ஓடி வந்தார். முகமெல்லாம் வியர்வையும் கண்ணீரும் கலந்து வழிந்தது. "செல்லத்துரைகிட்டயே சொல்லிட்டேன்! அவன் எந்திரிச்சு என் கையப் பிடிச்சுட்டான். கேட்டியா ஏட்டி? நீ சரி பண்ணியிருக்கே. எல்லாரும் கேட்டுட்டாவ. நீ பொய் சொல்லலம்மா!"

மாரிசெல்வி அந்தக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"ஆமாப்பா. பொய் சொல்லல" என்றாள்.